மாற்றுத்திறனாளி மாணவர் பிரதிநிதி: நியமித்தால் போதுமா, தேர்தல் வேண்டுமா?

"எங்கள் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென ஒரு பிரதிநிதியைக் கொண்டுவரப் போகிறார்கள். பேராசிரியர்களே ஒருவரை நியமித்தால் போதாதா? தேர்தல் என்றால் யாரெல்லாம் வாக்களிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது என்பதே என் பதில். நான் குறைபார்வை உள்ளவன். குமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஆண்டு நியமனத்தையும் அடுத்த ஆண்டு தேர்தலையும் பார்த்தேன். அந்தத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் நியமிக்கப்பட்டவர் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒரு அண்ணன். நல்லவர், நன்றாகப் படிப்பவர். டிசம்பர் 3 அன்று நடக்கும் மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் மேடையேற்றுவதற்குத் தோதானவர் என்பதும் அவரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எங்கள் துறையில் காது கேளாத மாணவர்கள் இருவர் படித்தார்கள். தங்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார் என்ற செய்தியே அவர்களுக்கு ஆண்டு முடியும்வரை போய்ச் சேரவில்லை. அதற்கு அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவரை அமர்த்தியவர்கள் ஆசிரியர்கள் என்பதால், அவர் பதில் சொல்ல வேண்டிய இடமும் ஆசிரியர் அறை என்றாகிவிட்டது. தேர்தல் வேண்டும் என்று நாங்கள் கேட்கப் போனபோது ஒரு மூத்த ஆசிரியர் என் தோளில் கை வைத்து, "மக்களே, உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசுவது எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

நியமனத்துக்குத் தமிழ்நாட்டின் உள்ளாட்சிச் சட்டத் திருத்தங்களை முன்மாதிரியாகச் சிலர் காட்டக்கூடும். ஊராட்சிகளிலும் நகர அமைப்புகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதாக்கள் நிறைவேறின. அது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் வாக்காளர்களைப் பற்றிய பேச்சு அது. உங்கள் வாக்காளர்கள் அனைவரும் ஒரே வளாகத்துக்குள் தினமும் வந்து போகிறவர்கள்; அவர்களைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் சொல்ல முடியாது.

யார் வாக்களிப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. எங்கள் அலுவலகப் பட்டியலில் 19 பெயர்கள் இருந்தன. எல்லாரும் இட ஒதுக்கீட்டிலோ கட்டணச் சலுகையிலோ சேர்ந்தவர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது; 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, கற்றல் குறைபாடு, இரத்தக் கோளாறுகளான தலசீமியா, ஹீமோபிலியா போன்றவற்றையும் சேர்த்தது. 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவு இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு உரியதே தவிர, மாற்றுத்திறனாளி என்பதற்கு அச்சட்டம் தரும் பொதுவான வரையறையில் அந்த எண் இல்லை. பிரிட்டனில் மாணவர் சங்கங்கள் பலவற்றில் இத்தகைய பதவி உண்டு. தன்னை மாற்றுத்திறனாளி என்று தானே அறிவித்துக்கொள்பவர் வாக்களிக்கலாம், சான்றிதழ் காட்டச் சொல்வதில்லை என்பதே அங்கு பரவலான வழக்கம். நாங்களும் அதைத்தான் கேட்டோம். பொய் சொல்லிப் பலர் நுழைந்துவிடுவார்கள் என்று நிர்வாகம் அஞ்சியது. நம் ஊரில் கல்யாணப் பேச்சு முறிந்துவிடும் என்று உள்ள குறையையே மறைப்பார்களே ஒழிய, இல்லாத குறையை யார் வலியச் சொல்லிக்கொள்வார்கள்? பட்டியலை ஒரேயொரு ஆசிரியர் மட்டும் வைத்திருப்பார், சுவரில் ஒட்ட மாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகு 19 பேர் 34 பேர் ஆனார்கள். புதிதாக வந்தவர்களில் மூன்று ஆண்டுகளாக என் பக்கத்து இருக்கையில் இருந்த நண்பனும் ஒருவன்.

அடுத்தது, வாக்களிக்கும் முறை. பார்வையற்ற மாணவர் ஒருவருக்காக மட்டும் பிரெயில் சீட்டு அச்சடிப்பதாக முதலில் திட்டமிட்டோம். முப்பத்து நான்கு சீட்டுகளுக்குள் ஒன்று மட்டும் பிரெயிலில் இருந்தால், எண்ணும்போது அது யாருடைய வாக்கு என்று மேசையைச் சுற்றி நிற்கும் அனைவருக்கும் தெரிந்துவிடும் என்பது அந்த மாணவரே சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஆகவே சீட்டு எல்லாருக்கும் ஒன்றே என்று முடிவு செய்து, அதன் மேல் வைத்துக்கொள்ள ஓர் உறை செய்தோம். பழைய கல்யாண அழைப்பிதழின் தடித்த அட்டையில் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் நேராக ஒரு சிறு சதுரம் வெட்டி, ஓரத்தில் முதல் பெயருக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என அடையாளம் வைத்தோம். விரலால் வெட்டுகளை எண்ணி, சதுரத்துக்குள் பேனாவால் கீறினால் போதும். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. துணையாள் தேவைப்படுகிறவருக்குப் பொதுத்தேர்தல் விதியையே எடுத்துக்கொண்டோம்: துணையாள் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணை நிற்கலாம். அந்த விதி இல்லாதிருந்தால் உதவும் மனம் படைத்த ஒரே ஆளே பாதிப் பேருக்கு வாக்குப் போட்டு முடித்திருப்பார். பெட்டியை மாடியில் வைக்க இருந்தார்கள். கீழே முகப்பு மண்டபத்துக்கு மாற்றச் சொன்னோம். அன்று நல்ல மழை, ஆனால் சக்கர நாற்காலி நனையாமல் வந்து போக முடிந்தது.

வேட்பாளர் தகுதியில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே பாருங்கள். மாணவர் தேர்தல்களுக்கான லிங்டோ குழுவின் பரிந்துரைகளைப் பின்பற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அவற்றின்படி வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். இளங்கலை மாணவருக்கு வயது 22-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு உயர்கல்விச் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உச்ச வயதில் ஐந்து ஆண்டு தளர்வு தருகிறது. தாமதமாகச் சேரலாம் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, தாமதமாகச் சேர்ந்ததால் போட்டியிடக் கூடாது என்று மறு கையால் பறிப்பது முறையாகாது. இரத்தம் ஏற்றிக்கொள்ள மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போகும் தலசீமியா மாணவருக்கு வருகைக் கணக்கும் இதே முட்டுக்கட்டைதான். இந்தப் பதவிக்கு மட்டுமாவது மருத்துவ விடுப்பை வருகையாகக் கொள்ளவும் வயதைத் தளர்த்தவும் துணைவேந்தருக்கு எழுதிக் கேளுங்கள்.

அறிவிப்பைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட விடாதீர்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் எங்கள் கைபேசியின் திரைவாசிப்பான் அதை "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். வேட்பாளர் பேச்சுகளை முதல் நாளே எழுத்தாக வாங்கிக் காது கேளாதவர்களுக்குக் கொடுங்கள்.

எங்கள் தேர்தலில் வென்றவர் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த, செவிக்கருவி அணியும் ஒரு மாணவி. சாய்வுதளம் கேட்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் முதல் கூட்டத்தில் கேட்டது, ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லாமல் மாணவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது. உதட்டசைவு தெரிந்தால்தான் அவருக்குப் பாதிப் பாடம் புரியும் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதை அவர் கேட்க முடிந்ததற்குக் காரணம், கால அட்டவணையும் தேர்வறையும் முடிவாகும் குழுவில் இந்தப் பதவிக்கு ஓர் இருக்கை உண்டு என்று தேர்தலுக்கு முன்பே எழுதி வாங்கியிருந்தோம். உங்கள் அறிவிப்பு இன்னும் வெளிவரவில்லை என்றால், வாக்காளர் வரையறையையும் அந்த இருக்கையையும் இப்போதே கேளுங்கள். விதிகள் அச்சாகிவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கச் சொல்வார்கள்.