ஸ்பர்ஸ் 2025-26: யார் எவ்வளவு அடிப்பார்கள்?

2025 அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் எழுதியது இது. அமெரிக்காவின் NBA கூடைப்பந்து அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "அவர் எவ்வளவு அடிப்பார், இவர் எவ்வளவு அடிப்பார்" ரகம். 22 வெற்றி, மறுபடி 22, அப்புறம் போன சீசனில் 34 என்று ஏறிவரும் அணி. ஆர்வம் வராமல் எப்படி இருக்கும்? ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஒவ்வொருவருக்கும் நியாயமாகத்தான் புள்ளி போட்டேன். கூட்டிப் பார்த்தால் ஆட்டத்துக்கு 138 வருகிறது. எங்கே தப்பு?

புள்ளியில் தேடாதீர்கள், நிமிடத்தில் தேடுங்கள். ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 240 நிமிடம். பந்தியில் இலை அவ்வளவுதான். புது விருந்தாளி வந்தால் யாராவது எழுந்துதான் ஆக வேண்டும். போன சீசனில் ஸ்பர்ஸ் ஆட்டத்துக்கு எடுத்தது சுமார் 114 புள்ளி.

ஆட்டத்துக்கு யாருக்கு எத்தனை நிமிடம் என்று நானே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஃபாக்ஸ் 34, வெம்பன்யாமா 33, வஸெல் 30, காசில் 29, பார்ன்ஸ் 26, கெல்டன் ஜான்சன் 22, ஹார்ப்பர் 22, ஷாம்பனி 20, சோஹான் 18, கார்னெட் 14. யாருக்கும் அள்ளிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கூட்டினால் 248. இதில் ஒலினிக்குக்கும், டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 14-வது தேர்வாக வந்திருக்கும் கார்ட்டர் பிரையன்ட்டுக்கும் ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த எட்டு நிமிட அதிகம் பெரிய பிரச்சினை இல்லை. எல்லோரும் சீசனின் 82 ஆட்டமும் ஆடப்போவதில்லை; ஒருவர் உட்காரும் நாளில் அவர் பங்கு மற்றவர்களுக்குப் போகும். அதனால் சரியான கணக்கை சீசன் மொத்தத்தில்தான் போட வேண்டும்: 240-ஐ 82-ஆல் பெருக்கினால் 19,680 நிமிடம். வெம்பன்யாமா 65 ஆட்டம் ஆடுவார் என்று நினைத்தால் 33 × 65, அதாவது 2,145 நிமிடம் அவருக்கு. இப்படியே ஒவ்வொருவருக்கும் போட்டுக் கூட்டுங்கள். 19,680-ஐத் தாண்டினால் யாரையாவது வெட்டியே தீர வேண்டும். நிமிடத்தை வெட்டியதும் புள்ளி தானாக இறங்கிவிடும். ஆட்டக்காரரின் திறமையைக் கணிப்பதைவிட, கோச் மிட்ச் ஜான்சன் அவரை எவ்வளவு நேரம் களத்தில் விடுவார் என்று கணிப்பதுதான் கஷ்டம். நான் அதிக நேரம் செலவிடுவதும் அதில்தான்.

முதல் வருடம் ஆட்டத்துக்கு 21.4 புள்ளி, இரண்டாம் வருடம் 24.3. இப்படியே போனால் வெம்பன்யாமா இந்த முறை 28, 30 அடிப்பார்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. அந்த மூன்று புள்ளி ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதல் சீசனில் ஆட்டத்துக்கு 29.7 நிமிடம் ஆடினார், இரண்டாவதில் 33.2. இரண்டையும் 36 நிமிடத்துக்கு மாற்றினால் முதல் வருடம் 25.9, இரண்டாம் வருடம் 26.3. நிமிடக் கணக்கில் அவர் அடிக்கும் வேகம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஏறியது களத்தில் இருந்த நேரம். அதுவும் இனி ஏறினால் 35 வரை போகலாம், அதற்கு மேல் ஏழடியைத் தாண்டிய இந்த உடம்பை வைத்து யாரும் விளையாட மாட்டார்கள்.

35 நிமிடத்தில் 30 அடிக்க வேண்டுமென்றால் 36 நிமிட வேகம் 31-ஐத் தொட வேண்டும். ஒரே கோடையில் அந்தத் தாவல் அபூர்வம். 21 வயதுக்காரர் என்பதால் கொஞ்சம் ஏற்றம் தரலாம். என் கணிப்பு 25-க்கும் 26-க்கும் நடுவில்.

த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி) பற்றியும் ஒரு வார்த்தை. 32.5 சதவீதத்திலிருந்து 35.2-க்கு வந்துவிட்டார், தேறிவிட்டார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு சீசனிலும் சுமார் 400 முறை முயன்றிருக்கிறார். உண்மையில் 34 சதவீதக்காரர் ஒருவர் 400 முறை எறிந்தால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே இரண்டரை சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். ஆக அந்த இரண்டு எண்ணும் ஒரே ஆட்டக்காரருடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கு நம்பிக்கை தருவது ஃப்ரீ த்ரோ: 79.6-லிருந்து 83.6. குறுக்கே யாரும் இல்லாத எறிதல் அது. கை எப்படி இருக்கிறது என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

தோளில் ரத்த உறைவு வந்த வெம்பன்யாமா எத்தனை ஆட்டம் ஆடுவார்?

பிப்ரவரியில் வலது தோளில் ரத்த உறைவு கண்டுபிடிக்கப்பட்டு 46 ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்தது. விருதுகளுக்கு 65 ஆட்டமாவது வேண்டும் என்ற விதியால், கையில் இருந்த சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் போனது. ஜூலையில் மருத்துவர்கள் ஆட அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு முன்னுதாரணம் தேடினால் இரண்டு எதிரெதிர் கதைகள் கிடைக்கும். கிறிஸ் பாஷுக்கு 2015-ல் நுரையீரலில் ரத்த உறைவு, 2016-ல் மறுபடி வந்து, ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. பிராண்டன் இங்க்ரமுக்கு 2019 மார்ச்சில் வலது கையில் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்த சீசனில் நியூ ஆர்லியன்ஸில் ஆடி ஆல்-ஸ்டார் (லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆட்டம்) அணியில் இடம் பிடித்தார், அதிக முன்னேற்றத்துக்கான விருதும் வாங்கினார். வெம்பன்யாமாவுடையது தோள் பகுதி என்பதால் இங்க்ரம் கதைக்குத்தான் பக்கம். இருந்தாலும் இரண்டே இரண்டு பேரை வைத்து சராசரி எடுக்கக் கூடாது. வெம்பன்யாமா முதல் சீசனில் ஆடியது 71 ஆட்டம், இரண்டாவதில் 46. ஏழடிக்கு மேல் உயரம். நான் 62 என்று போட்டிருக்கிறேன். 65-ஐத் தொடுவாரா என்பதில் பந்தயம் கட்ட மாட்டேன்.

வெம்பன்யாமா ஷாவோலின் மடத்தில் பயிற்சி எடுத்தாராமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

இல்லை. ஒவ்வொரு கோடையிலும் யாராவது பத்து கிலோ தசை ஏற்றிக்கொண்டு வருவார்கள். நவம்பரில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஹாரிசன் பார்ன்ஸ் 43 சதவீதம் த்ரீ போட்டாரே, இந்த வருடமும் போடுவாரா?

போட மாட்டார். இத்தனை வருடச் சராசரி 38-ஐ ஒட்டித்தான். 33 வயது வேறு. 39 வந்தாலே நல்ல வருடம்.

ஃபாக்ஸுக்கு எந்த எண்ணை எடுப்பது? பழைய அணி சாக்ரமெண்டோவில் ஆட்டத்துக்கு 25 புள்ளி, இங்கே வந்து 19.7 என்று இருக்கிறதே.

ஒற்றை எண்ணை எடுக்க வேண்டாம். எளிமையான வழி ஒன்று உண்டு: கடைசி மூன்று சீசன்களுக்கு, போன சீசனிலிருந்து பின்னோக்கி, 6, 3, 1 என்று எடை கொடுப்பது. ஃபாக்ஸ் 2022-23-ல் 25.0, 2023-24-ல் 26.6, போன சீசனில் இரண்டு அணியையும் சேர்த்து 23.5. எடை போட்டுப் பார்த்தால் 24.6 வரும். முறையாகச் செய்பவர்கள் இதை நிமிடக் கணக்கில் செய்து, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்கும் ஏற்றி இறக்குவார்கள். ஆனால் மூன்று சீசன்களில் பெரும்பகுதி அவர் சாக்ரமெண்டோவில் இருந்தவர் என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது.

19.7-ஐ நான் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடுவேன். வெறும் 17 ஆட்டம், இடது கை சுண்டுவிரல் காயத்தோடு ஆடியது. அதில் வெம்பன்யாமாவோடு சேர்ந்து ஆடியது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதை வைத்து ஜோடிப் பொருத்தம் பார்ப்பது வீண். அதே நேரம் பந்து ஒன்றுதான். பக்கத்தில் வெம்பன்யாமா இருக்கும்போது ஃபாக்ஸ் 24 அடிக்க மாட்டார். 21 அல்லது 22, கூட ஆறேழு அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வைக்கும் பாஸ்). புள்ளி குறைந்ததும் "ஃபாக்ஸ் சரிந்துவிட்டார்" என்று கிளம்புவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கெல்டன் ஜான்சன் ஆட்டத்துக்கு 22 புள்ளி, அப்புறம் 15.7, அப்புறம் 12.7. முடிந்துவிட்டாரா?

25 வயதில் என்ன முடிவது! 22 அடித்தது வெம்பன்யாமா வருவதற்கு முந்தைய வருடம். எறிவதற்கு வேறு ஆளே இல்லாத அணி. அதன்பின் பெஞ்சுக்குப் போனார். கடைசி இரண்டு சீசன்களை 36 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள்: இரண்டிலும் 19 சொச்சம். மாறியது நிமிடம்தான், 30-லிருந்து 24-க்கு.

புதிதாக வந்திருக்கும் டிலன் ஹார்ப்பர் கல்லூரியில் 19.4 அடித்தவர். காசிலைவிட நன்றாகத் தொடங்குவாரா?

கல்லூரிப் புள்ளியை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்பதற்குக் காசிலே சாட்சி. கனெக்டிகட் கல்லூரி அணியில் 11.1-தான் அடித்தார், சுற்றிலும் பெரிய ஆட்டக்காரர்கள், சாம்பியன் அணி. ஸ்பர்ஸில் முதல் வருடமே 14.7 அடித்து சிறந்த ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்) விருது வாங்கினார். ஹார்ப்பர் இருந்த ரட்கர்ஸில் பந்து பெரும்பாலும் அவர் கையில்தான்.

காசிலின் 14.7-ம் கொஞ்சம் ஊதிப்போன எண்தான். வெம்பன்யாமாவும் பிறகு ஃபாக்ஸும் இல்லாத கடைசி வாரங்களில் அவருக்குக் கிடைத்த சுதந்திரம் இந்த முறை கிடைக்காது. நிமிடம் 27-லிருந்து 29 ஆனால் 15, 16 புள்ளி. ஏறப்போவது அசிஸ்ட்: 82 ஆட்டமும் ஆடி ஆட்டத்துக்கு 7.4 அசிஸ்ட் கொடுத்த கிறிஸ் பால் கிளம்பிவிட்டார். அந்த வேலை காசில், ஹார்ப்பர் இருவருக்கும் பிரியும். காசிலின் த்ரீ, போன சீசனில் 28.5 சதவீதம், 31-ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஃப்ரீ த்ரோவே 72-தான். ஹார்ப்பருக்கு 22 நிமிடத்தில் பத்துப் பதினோரு புள்ளி. 19 வயது கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்), முதல் வருடத்தில் பந்தைத் தொலைப்பார், தடுப்பில் தடுமாறுவார். அது தோல்வி இல்லை.

ஃபேன்டஸி லீக்கில் (நிஜ ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைக்கும் போட்டி) ஸ்பர்ஸிலிருந்து மலிவாக ஒருவரை எடுக்க வேண்டும். யார்?

டெவின் வஸெல். புள்ளி 19.5-லிருந்து 16.3-க்கு இறங்கியதால் யாரும் சீண்ட மாட்டார்கள். போன கோடையில் காலில் அறுவை சிகிச்சை செய்து, சீசனைத் தாமதமாகத் தொடங்கியவர். இந்தக் கோடை முழுதாகக் கிடைத்திருக்கிறது. வெம்பன்யாமாவையும் ஃபாக்ஸையும் எதிரணி மொய்க்கும்போது மூலையில் தனியாக நிற்பது இவர்தான். 17 வரும், த்ரீ நிறைய வரும். எட்டாம் சுற்று வரை காத்திருந்து எடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.