மாடிப்படியில அட்டைப்பெட்டி இருக்கலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். மாசி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில சூப்பர்வைசரா இருக்கேன், நாலு மாடி. தீபாவளி வருதுன்னு முதலாளி என்னைய 'ஃபயர் மார்ஷல்'னு போட்டு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் குடுத்துட்டாரு. தீப்பிடிச்சா நான்தான் அணைக்கணுமா? பயமா இருக்கு.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பயப்படாதீங்கம்மா. தீயணைப்புக்காரங்க வேலைய உங்க தலையில கட்டல, உங்க வேலையில முக்கால்வாசி தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி செய்யுறதுதான். காலையில ஷட்டர் தூக்கின கையோட நாலு மாடியும் ஒரு சுத்து சுத்திருங்க. மொதல்ல மாடிப்படி. சீசன் வந்தா குடோன் பத்தாம பண்டலு, அட்டைப்பெட்டி எல்லாம் படியிலதான் வந்து உக்காரும், கேட்டா "ரெண்டு நாளைக்குத்தானேக்கா"ம்பாங்க, ஒரு மணி நேரம்கூட விடாதீங்க, ஏன்னா ஜனம் எறங்குறதும் அந்த வழிதான், புகை மேல ஏறுறதும் அந்த வழிதான். பின்பக்கக் கதவும் அப்படித்தான், உள்ள ஆளு இருக்குற வரைக்கும் பூட்டு தொங்கக் கூடாது, திருட்டு பயம்னா அங்க ஒரு ஆளப் போடச் சொல்லுங்க.

அப்புறம் ஒரே பிளக்குல நாலு வயரு, சூடேறுற சுவிட்ச் போர்டு, ஷோகேஸ்ல துணிய ஒட்டி எரியுற லைட்டு, இதெல்லாம் கண்ணுல பட்டா அன்னைக்கே எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. தீயணைக்குற செவப்பு சிலிண்டர பொம்மைக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க, அதுல இருக்குற மீட்டர் முள்ளு பச்சையில நிக்குதான்னும் பாருங்க.

தீப்பிடிச்சா? மொதல்ல சத்தம் குடுத்து ஆளுகள எறக்குங்க, லிஃப்ட் வேணாம், ஒருத்தர 101க்கு அடிக்கச் சொல்லுங்க, இன்னொருத்தர் மெயினை ஆஃப் பண்ணட்டும். குப்பைக்கூடை அளவு தீன்னா, வெளியேறுற வழி உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா மட்டும் சிலிண்டர எடுங்க. கரண்ட்டுத் தீயில தண்ணி ஊத்தவே கூடாது. புகை மண்டிருச்சுன்னா தலையக் குனிஞ்சு வெளிய வந்துருங்க, தெருவுல நம்ம ஸ்டாஃப் எல்லாரும் வந்துட்டாங்களான்னு எண்ணுங்க, கொறைஞ்சா வர்ற தீயணைப்பு வீரர்கிட்ட சொல்லுங்க, நீங்க திரும்ப உள்ள போகாதீங்க. 2020 தீபாவளி சமயத்துல விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைத் தீயை அணைக்கப் போன ரெண்டு வீரர்கள் கட்டடம் இடிஞ்சு விழுந்து செத்துப்போனாங்க, பயிற்சி எடுத்தவங்களுக்கே அந்த கதி. இன்னைக்கும் நெனச்சா மனசு ஆறல.

தீபாவளிக் கூட்டத்துல அந்தத் தெருக்களுக்குள்ள வண்டி நொழையவே நேரமாகும், அதனாலதான் இவ்வளவு சொல்றேன். பக்கத்து தீயணைப்பு நிலையத்துல கேட்டா ஒத்திகை நடத்திக் காட்டுவாங்க, கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே ஒரு நாள் வரச் சொல்லுங்க. அன்னைக்கு முதலாளியையும் நிக்க வச்சு, "இவங்க பெட்டிய எடுன்னா எடுக்கணும்"னு எல்லார் முன்னாடியும் அவரு வாயாலேயே சொல்ல வச்சிருங்கம்மா.