தம்பி பால் கேட்பது அக்காவிடம்

கேள்வி: அம்மா, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டமொன்றில் என் கணவர் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறார். 14 ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்த நாங்கள், தமிழ்நாட்டிலிருந்து உடன்பிறந்த இருவரை முறைப்படி தத்தெடுத்து அழைத்து வந்து 7 மாதங்கள் ஆகின்றன. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4 வயது. மகள் இன்னும் என்னை 'அம்மா' என்று அழைக்கவில்லை. தோசையை மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். இரவில் விழித்தால் மகன் என்னிடம் வராமல் அக்காவிடம்தான் பால் கேட்கிறான். "சின்னவனுக்கு ஒன்றும் தெரியாது, பெற்ற பிள்ளையென்றே வளர்த்துவிடு, பெரியவளையும் வாய் திறக்க வேண்டாமென்று சொல்லி வை" என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, மாமியாரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்குக் காலம் இருக்கிறது, இதற்கு இல்லை. இந்திய விதிகளின்படி, தத்துக்கொடுக்கும்போது 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கிறார்கள். அப்படித் தன் வாயால் சம்மதம் சொல்லி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்தவளிடம், அந்த வாழ்க்கையே இல்லாதது போல் நடந்துகொள் என்று சொல்வது, அவளிடம் மிஞ்சியிருப்பதையும் பறித்துக்கொள்வதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வளர்ந்த லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையிலும்) அப்படி ஓர் அக்கா இருந்தார். காவடிச் சிந்து பாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய முகமே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தபோதும் வீட்டில் யாரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தாம் எப்படி வந்தோம் என்ற கதையை, வளர்த்தவர் இறந்த பிறகு, பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். கொடுத்தவர்கள்மீது அவருக்குக் கோபமில்லை. தம்மைத் தவிர லயத்தில் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது என்பதைத்தான் கடைசி வரை அவரால் தாங்க முடியவில்லை. உங்கள் பிள்ளைகளின் முகம் உங்கள் முகத்தோடு ஒத்துப்போகிறது, பேச்சும் தமிழ்தான். அதனாலேயே மறைப்பது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் மகனுக்கு இப்போதே, தூங்க வைக்கும்போது சொல்லும் கதையாக, "நீயும் அக்காவும் இன்னொரு தாய்க்குப் பிறந்து, கடல் தாண்டி எங்களிடம் வந்தீர்கள்" என்று சொல்லத் தொடங்குங்கள். மகள் அருகில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

தோசையை ஒளிப்பது திருட்டுமல்ல, பிடிவாதமுமல்ல. நாளைக்குச் சோறு உண்டா என்ற நிச்சயமில்லாமல் இருந்த பிள்ளைகளிடமும், காப்பக விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளிடமும் இந்தப் பழக்கம் பரவலாகக் காணப்படுவதுதான். மூடியுள்ள டின் ஒன்றில் பிஸ்கட்டும் முறுக்கும் போட்டு அவள் கட்டிலருகே வைத்து, "இது உன்னுடையது, யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிடுங்கள். குறையக் குறைய நிரப்புங்கள்; எத்தனை எடுத்தாள் என்று எண்ணாதீர்கள்.

மகன் அக்காவிடம் போவது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. எனினும் இவ்வளவு காலமும் அவனுக்குத் தாயாக இருந்தவள் அவள்தான். அந்தப் பொறுப்பை ஒரே நாளில் பிடுங்கினால் இருவருமே தவித்துப்போவார்கள். அவன் அழும்போது நீங்கள் எழுந்து பாலைக் கலக்கி அவளிடம் கொடுங்கள், அவள் ஊட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சில வாரங்களில் அவள் பாதித் தூக்கத்தில் "நீங்களே கொடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும் இரவு வரக்கூடும். 'அம்மா' என்ற சொல்லையும் இப்படியே அவள் போக்கில் விட்டுவிடுங்கள். உறவினர் முன்னிலையில் "அம்மா என்று கூப்பிடு" என யாரும் அவளை வற்புறுத்த இடம் கொடுக்காதீர்கள்.

பள்ளியையும் கவனியுங்கள். நாம் "பசியாறியாச்சா" என்று கேட்பது அவளுக்குப் புதிது. அவள் "டிபன்" என்று சொன்னால் வகுப்பில் சிரிக்கக்கூடும். மலாய் மொழியும் அவளுக்குப் புதிது என்பதால் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பத்திரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நாடுகளுக்கிடையே பிள்ளைகளைத் தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இணைந்துள்ளது, மலேசியா இணையவில்லை. அதனால் அங்கே கிடைத்த ஆணையே இங்கும் போதுமென்று இருந்துவிடாமல், நம் நாட்டின் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் செய்ய வேண்டியவற்றை வழக்கறிஞரிடம் கேளுங்கள். தத்தெடுப்பு ஆணை குடியுரிமையைத் தருவதில்லை. அதற்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது கிடைக்கும்வரை குடிநுழைவு அனுமதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த ஆண்டில் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பிள்ளைகளின் நிலை பற்றி இந்தியத் தரப்புக்கு அறிக்கை போக வேண்டும். அதற்காக வீட்டுக்கு வருபவர் உங்களைச் சந்தேகித்து வருவதில்லை, தலையணைத் தோசையைப் பற்றி அவரிடமும் பேசுங்கள்.

18 வயது ஆனதும் தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்கும் உரிமை இந்திய விதிகளில் உங்கள் மகளுக்கு உண்டு. அந்த நாளுக்காக தத்தெடுப்பு ஆணை, பிள்ளைகள் முன்பு இருந்த விடுதியின் பெயர், அங்கே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். வந்த அன்று அவள் உடுத்தியிருந்த சட்டை இன்னும் வீட்டில் இருந்தால், அவளையே மடிக்கச் சொல்லி, அதையும் அந்தப் பெட்டியில் வையுங்கள்.