பெர்லின் ஆணையை எப்போது சொல்வது?

மதிப்பிற்குரிய ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சிறுகதையைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறவள் என்ற உரிமையில் என் வகுப்பறைக் குழப்பம் ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் பாடப்புத்தகத்தில் நல்ல கதைகள் இருக்கின்றன. ஆனால் என் மாணவர்களில் பாதிப்பேர் ஆங்கில வாக்கியத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அதனால் கதை முழுவதையும் முதலில் தமிழில் சொல்லிவிடுவேன். பிறகு வரிவரியாகப் பொருள் சொல்லி, கடைசியில் கரும்பலகையில் ஒரு சுருக்கம் எழுதிப் போடுவேன். அதை அவர்கள் மனப்பாடம் செய்வார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' கதைக்கு நான் எழுதிப் போட்ட சுருக்கம், "இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வந்தது" என்று தொடங்கும். அப்படித் தொடங்கினால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பமில்லாமல் புரிகிறது.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பரீட்சையில வரிசைப்படுத்தத்தான சொல்றாங்க? அந்த வரிகளை மட்டும் படிச்சாப் போதாதா, கதை எதுக்கு?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. போர்ஷனை முடிக்க வேண்டும், ஸ்லிப் டெஸ்ட் வைக்க வேண்டும், எல்லாரையும் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டும். ஆங்கிலத்திலேயே தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதை என்ன தந்துவிடும்? நான் கற்பிக்கும் முறையில் எதை மாற்றுவது? தமிழில் கதை சொல்வது தவறா?

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. துணைப்பாடக் கதைகளிலிருந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்கிற வினாவுக்கும், குறிப்புகளைக் கொடுத்து விரித்தெழுதச் சொல்கிற வினாவுக்கும் கதையை வாசித்தே இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பெண் தானாகவே கண்டுகொண்டிருக்கிறாள். ஆனால் வரிசை என்று அவள் கைவைத்த இடம்தான் சிறுகதையின் உயிர்நிலை. வாழ்க்கையில் நிகழ்ச்சிகள் ஒரு வரிசையில் நடக்கின்றன, கதை அவற்றை வேறொரு வரிசையில் நமக்குச் சொல்கிறது. எதை முதலில் சொல்வது, எதை எதுவரை மறைத்து வைப்பது, எல்லாவற்றையும் யாருடைய கண் வழியாகக் காட்டுவது என்று எழுத்தாளர் எடுக்கும் முடிவுகளிலேயே கதை இருக்கிறது. நாம் கரும்பலகையில் எழுதும் சுருக்கம் அந்த முடிவுகள் அனைத்தையும் கழித்துவிட்டு, நடந்த செய்தியை மட்டும் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறது.

உங்கள் சுருக்கத்தின் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். தோதேயின் கதையில் பெர்லின் ஆணை முதல் வரியில் வருவதில்லை. பள்ளிக்குத் தாமதமாகப் புறப்பட்ட ஃபிரான்ஸ் என்ற சிறுவன், இலக்கணப் பாடம் படிக்காததால் ஆசிரியர் ஹாமெலிடம் திட்டு வாங்கப் போகிறோமே என்ற பயத்தோடு ஓடுகிறான். வெயில் இதமாக இருக்கிறது, பறவைகள் பாடுகின்றன, மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் உள்ள வெளியில் பிரஷ்யச் சிப்பாய்கள் பயிற்சி செய்கிறார்கள். அறிவிப்புப் பலகையின் முன்னால் கூட்டம் நிற்பதைப் பார்த்தும் அவன் நிற்காமல் ஓடுகிறான். அங்கே நின்று படித்துக்கொண்டிருந்த கொல்லர் வாக்டர், இவ்வளவு அவசரம் வேண்டாம் தம்பி, பள்ளிக்குப் போக உனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். தன்னைக் கேலி செய்கிறார் என்று சிறுவன் நினைத்துக்கொள்கிறான். பள்ளி, ஞாயிற்றுக்கிழமை போல அமைதியாக இருக்கிறது. ஆசிரியர் திட்டவில்லை. விழாநாட்களுக்கென்று வைத்திருந்த பச்சைக் கோட்டை அணிந்திருக்கிறார். பின் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் முதியவரான ஹௌசர் ஓரங்கள் தேய்ந்த அரிச்சுவடியைக் கையில் வைத்திருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் ஹாமெல் வாய் திறந்து ஆணையைச் சொல்கிறார்.

அதுவரை ஃபிரான்ஸுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். அவனைப் போலவே நாமும் அந்த மௌனத்தையும் பச்சைக் கோட்டையும் பார்த்து, ஏதோ நடந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லையே என்று தவிக்க வேண்டும். ஆணை காதில் விழுந்த கணத்தில் வாக்டரின் வார்த்தை திரும்ப நினைவுக்கு வருகிறது. அது கேலியாக இருந்திருக்க முடியாது என்று அப்போதுதான் உறைக்கிறது. ஆணையை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், வாக்டர் ஒன்றும் பேசாத ஆளாகிவிடுகிறார், பச்சைக் கோட்டு வெறும் துணியாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் குழப்பமில்லாமல் புரிகிறது என்கிறீர்கள். அந்தக் குழப்பத்தைத்தான் தோதே பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறார். அதை அனுபவிக்கும் உரிமை உங்கள் மாணவர்களுக்கும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்பேன். கதை முழுவதையும், முன்கூட்டி எதையும் சொல்லாமல், நீங்களே ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஒரு பாடவேளைக்குள் நிதானமாக வாசித்து முடித்துவிடக்கூடிய நீளம்தான் இந்தக் கதைகளுக்கு. எந்தச் சொல் தெரியாவிட்டால் கதையே நகராதோ அந்த ஐந்தாறு சொற்களை மட்டும் முன்னால் பலகையில் எழுதுங்கள், அருஞ்சொற்பொருள் பட்டியல் பிறகு இருக்கட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை, ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. அதே பிள்ளை காதால் கேட்கும்போது, உங்கள் குரல் எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பாதியை ஊகித்துக்கொள்ளும். முதல் வாசிப்பில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடாது. அதற்காக நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்காதீர்கள். மறுநாள் இரண்டாம் முறை வாசிக்கும்போது நிறுத்துங்கள். வாக்டர் பேசும் இடத்தில் நிறுத்தி, இவர் ஏன் இப்படிச் சொன்னார் என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் பேச்சு தாராளமாகத் தமிழில் நடக்கட்டும். தமிழில் கதை சொல்வது தவறா என்று கேட்டீர்கள். வாசிப்பதற்கு முன்னால் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன், வாசித்த பிறகு தமிழில் விவாதிப்பதைக் கொண்டாடவே செய்வேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் சிந்தனை அதன் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அதற்குத் தெரிந்த நூறு சொற்களுக்குள் அடங்குகிற சிந்தனைதான் வெளியே வரும். தமிழில் பேசித் தெளிந்த கருத்தை இரண்டு சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் பிழை இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருக்கும்.

இதற்கு முன்பயிற்சியாகத் தமிழ்க் கதை ஒன்றையே வகுப்பில் வாசிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' மொழிபெயர்ப்பாக இடம்பெற்றிருக்கிறது. அதன் தமிழ் மூலத்தை உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கே வாசித்துக் காட்டுங்கள். அதையும் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவனே சொல்கிறான். வீட்டுக்கு நாற்காலி செய்துவிட வேண்டும் என்ற ஆசையில் தொடங்கும் கதை, இறந்தவரை உட்கார வைக்க அதே நாற்காலியைக் கேட்டு ஊரார் வரும் இடத்தில் திரும்பிக்கொள்கிறது. மொழி தடையாக இல்லாதபோது, சொல்லும் முறை என்ற ஒன்று இருப்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

தோதேயின் கதையில் நீங்கள் சற்று நின்று பேசவேண்டிய இன்னோர் இடம் உண்டு. 1871 இல் பிராங்பர்ட் உடன்படிக்கையின்படி போரில் தோற்ற பிரான்சிடமிருந்து, இக்கதை நடக்கும் அல்சாஸ் பகுதியும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் கைக்குப் போயின. தோதேயின் கதை 1873 இல் வந்த தொகுப்பில் இருக்கிறது, அதாவது காயம் ஆறாத காலத்தில் எழுதப்பட்டது. ஆனால் அல்சாஸ் கிராமத்து மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. பிரெஞ்சு அவர்களுக்குப் பள்ளியின் மொழி, அரசின் மொழி. இதற்கான தடயம் கதைக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், உங்கள் மொழியைப் பேசவும் எழுதவும் தெரியவில்லையே என்று எதிரிகள் கேட்பார்கள் என ஹாமெல் வருந்துகிறார். தாய்மொழிப் பற்று என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் இடம் இல்லை இது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, ஆணையில் வருவது வேறொன்று என்ற நிலை உசிலம்பட்டிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இந்தச் செய்தியை இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு சொல்லுங்கள், முதலிலேயே சொன்னால் ஹாமெலின் துயரத்தைச் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர்கள் தெருவில் இறங்கியதையும் அன்று மூண்ட மோதலையும் நினைவில் வைத்திருக்கிற தாத்தா பாட்டிகள் சில வீடுகளிலாவது இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு வரச் சொன்னால், பின் வரிசையில் ஹௌசர் ஏன் வந்து உட்கார்ந்தார் என்பதற்குப் புத்தகத்தில் இல்லாத விளக்கங்கள் கிடைக்கக்கூடும்.

அடுத்து, நீதி. கதை முடிந்ததும் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் 'முதல் பறத்தல்' கதைக்குத் தன்னம்பிக்கை, துணிவு என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கதையை வாசித்தால் அந்தக் கடற்பறவைக் குஞ்சு துணிந்து பறக்கவில்லை என்பது தெரியும். உடன்பிறந்தவை பறந்துபோன பிறகு பாறை விளிம்பில் தனியாகப் பசியோடு கிடக்கிறது. தாய்ப்பறவை மீன் துண்டை அலகில் கவ்விக்கொண்டு எட்டாத தூரத்தில் வந்து நிற்கிறது. பசி வெறியில் மீனை நோக்கிப் பாய்ந்த குஞ்சு விளிம்பிலிருந்து விழுகிறது, விழும்போதுதான் இறக்கை விரிகிறது. அந்தத் தாய் செய்தது சரியா? குஞ்சு எந்தக் கணத்தில் பறக்க முடிவெடுத்தது, முடிவெடுத்ததா? இதைக் கேட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும், வாதாடுவதற்காகவே புத்தகத்தைத் திரும்பப் புரட்டும். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குப் பாறை விளிம்பை எப்படிக் காட்டுவது என்ற கவலை வேண்டாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊர்க் குன்றுகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் வாழ்கின்றன. ஷாஹீன் செங்குத்தான பாறை விளிம்புகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. நாகமலையைத் தினமும் பார்க்கிறவர்களுக்கும் அந்த உயரம் கண்ணுக்குத் தெரியும்.

தேர்வைப் பற்றி நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வரிசைப்படுத்தும் வினாவையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 'கடைசிப் பாட'த்தின் நிகழ்ச்சிகளை எட்டுச் சிறிய ஆங்கில வாக்கியங்களாகத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, உண்மையில் நடந்த வரிசையில் ஒரு முறையும் கதை நமக்குச் சொன்ன வரிசையில் மறுமுறையும் அடுக்கச் சொல்லுங்கள். ஆணை முதல் அடுக்கில் மேலேயும் இரண்டாவதில் நடுவிலும் வந்து நிற்கும். அது ஏன் இடம் மாறியது என்பதைத் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். இதைச் செய்த பிள்ளை தேர்வில் வரும் வரிசையைத் தவறவிடாது, மனப்பாடம் செய்ததைப் பாதியில் மறந்து திகைத்து நிற்கவும் செய்யாது.

துணைப்பாடத்தில் சைலஸ் வெய்ர் மிட்செலின் 'இருதலைச் சிக்கல்' இதற்கு இன்னும் பொருத்தமானது. மாணிக்கங்கள் நிறைந்த இரும்புப் பெட்டி, திறந்தால் வெடிக்கும் பொறி, அதை வாரிசாகப் பெற்ற ஏழை. கதை எந்த முடிவையும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. கத்தரிக்காய் காய்த்ததென்று சொல்லி முடிக்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் "அப்புறம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாக் கதைகளையும் இப்படி நடத்த உங்களுக்கு நேரம் கிடைக்காது. இந்த ஆண்டு ஒன்றை மட்டும், ஒரு பிரிவில் மட்டும் இவ்வாறு நடத்திப் பாருங்கள். மற்றவை வழக்கப்படியே போகட்டும். ஸ்லிப் டெஸ்டில் அந்த ஒரு கதைக்கு வந்த விடைகள் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபட்டன, எந்த இடத்தில் வகுப்பு உங்கள் கையை விட்டுப் போனது என்று எழுதினால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்.