மதனபள்ளிக்குப் போனவர்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். அவர் போர்டு ஸ்கூல் வாத்தியார். கல்யாணமான மறுவருஷமே உடம்புக்கு வந்துவிட்டது. என் அப்பா பிறந்த 1943-இல் வீட்டைவிட்டுப் போனார், திரும்பவில்லை. என்ன நோய் என்று கேட்டால் "நெஞ்சுச் சளி" என்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் பழைய வீட்டை இடிக்கப் பரணைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. நீளமான தாழ்வாரம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், கழுத்துவரை போர்த்திய ஆண்கள். பின்பக்கம் பென்சிலில் "எடை 98" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாங்கள் சின்ன வயதில் சாப்பிடாமல் அடம்பிடித்தால் பாட்டி, "மதனபள்ளிக்குப் போறவ மாதிரி ஆயிடுவே" என்று திட்டுவார். மதனபள்ளி ஏதோ சொந்தக்காரர்கள் ஊர் என்று நினைத்திருந்தேன். உங்கள் அத்தை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில், இருந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் பொறி தட்டியது.

ஊரில் இறப்புப் பதிவைத் தேடினோம், இல்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய கேஸ் ஷீட் கிடைக்குமா? சின்னப் பாட்டி என்ன ஆனார் என்றும் யாருக்கும் தெரியவில்லை. "செத்தவங்களைத் தோண்டாதே" என்கிறார் பெரியப்பா. நான் இதைத் தேடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 98 ராத்தல் கணக்கு, அதாவது பவுண்டு. இன்றைய கணக்கில் 44 கிலோவுக்குச் சற்று மேல். வளர்ந்த ஆணின் எடை அது. சானடோரியங்களில் நோயாளிகளை முறை வைத்து எடை பார்த்துக் குறிப்பார்கள். மருந்து இல்லாத காலத்தில் உடம்பு தேறுகிறதா என்பதற்கு எடையும் காய்ச்சலும்தான் சாட்சி. ஏறினால் நம்பிக்கை, இறங்கினால் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். உங்கள் சின்னத் தாத்தா அந்த எண்ணைச் சந்தோஷமாக எழுதினாரா, பயந்து எழுதினாரா என்பது அதற்கு முந்தைய எடை தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

பாட்டியின் திட்டு உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய தடயம். மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் திறக்கப்பட்டது யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம். பல கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்தின. முதல் தலைமை மருத்துவர் டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோத் மொல்லர். அவருக்குப் பிறகு வந்த பி.வி. பெஞ்சமின் பின்னாளில் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகவும் இருந்தார். மதனபள்ளி இருந்த சித்தூர் ஜில்லா அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. சேலம் பக்கத்திலிருந்து காட்பாடி போய், அங்கே மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி, பாகாலா வழியாக மதனபள்ளி ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். இருமிக்கொண்டே போகிறவருக்கு அது எத்தனை நீண்ட பயணமாக இருந்திருக்கும்!

ஆனால் பாட்டி மதனபள்ளி என்றதாலேயே அவர் அங்கேதான் இருந்தார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஊர்ப்பேச்சில் ஓர் இடத்தின் பெயரே நோயின் பெயராகிவிடும். சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் அப்படித்தான். அங்கே 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தனியாகத் தொடங்கிய சானடோரியத்தை 1937-இல் மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் தாம்பரம் சானடோரியம்தான், ஆனால் மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் இருப்பது நெஞ்சக நோய் மருத்துவமனை. தேடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். டி.பி. என்ற சொல்லுக்கு அஞ்சி நிறுவனங்களும் பெயரை மாற்றிக்கொண்டன. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திலும் பெருந்துறையிலும் இருந்த காசநோய் மருத்துவமனைகளின் இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காற்றோட்டத்துக்காக ஊருக்கு வெளியே பெரிய நிலத்தில் கட்டியவை அவை. பிறகு கல்லூரிக்கு இடம் தேடியவர்களுக்கு அந்த நிலம் பொருத்தமாகிவிட்டது. மதுரையை அடுத்த ஆஸ்டின்பட்டி, தஞ்சைக்குப் பக்கத்துச் செங்கிப்பட்டி என்று நோயோடு சேர்த்தே பேசப்பட்ட ஊர்கள் இன்னும் உண்டு. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

நோயின் பெயரிலும் இதே சிக்கல். க்ஷயம், சயரோகம், எலும்புருக்கி, ஈளை, காசம் என்றெல்லாம் பழைய கடிதங்களில் வரும். பெருநோய் என்று இருந்தால் அது தொழுநோய், தேட வேண்டிய இடமே வேறு. க்ஷயம் என்று எழுதியிருந்தாலும் அது க்ஷயமாகத்தான் இருந்தது என்று உறுதி கிடையாது. கணித மேதை ராமானுஜனை இங்கிலாந்தில் காசநோயாளி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அவர் சில காலம் தங்கியது மெண்டிப் மலையில் இதே சௌரிமுத்து நடத்திய சானடோரியத்தில்தான். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார்.

கேஸ் ஷீட் கேட்டிருக்கிறீர்கள். மனம் நோகாமல் சொல்ல வழி தெரியவில்லை, அதை நம்பி இருக்காதீர்கள். இன்றைய விதிப்படியே ஒரு மருத்துவர் உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும். எண்பது ஆண்டுக்கு முந்தைய காகிதம் எஞ்சியிருந்தால் அது யாரோ ஒரு குமாஸ்தாவின் நல்ல மனசு. என் அத்தைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அவர் காலத்துக் கட்டுகள் எதுவும் இல்லை என்றார்கள், கரையான் அரித்த ஓர் அலமாரியைத் திறந்தே காட்டினார்கள். வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியவரம் இன்றும் மருத்துவமனையாக இயங்குகிறது. மிஷன் நிறுவனங்கள் ஆண்டறிக்கை அச்சிடும் வழக்கம் கொண்டவை. அவற்றில் அவர் பெயர் இராது, ஆனால் அந்த வருடம் எத்தனை படுக்கை, என்ன சிகிச்சை என்பது தெரியவரும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, மாகாண காலத்து அரசாணைகளை அங்கே பார்க்கலாம். சானடோரியங்களுக்கான மானியம், கட்டடம் பற்றியவற்றை ஆண்டுவாரியான அட்டவணையைக் கொண்டு கேளுங்கள்.

இறப்புப் பதிவு ஊரில் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஓர் இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தின் பதிவேட்டில்தான் ஏறும், சொந்த ஊர்ப் பதிவேட்டில் ஏறாது. அவர் ஆரோக்கியவரத்தில் இறந்திருந்தால் மதனபள்ளி வட்டாரப் பதிவில் இருக்க வேண்டும். அந்தப் பகுதி 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போனது, ஆகவே தெலுங்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். 1943 முதல் ஐந்தாறு ஆண்டுகளைத் தேடச் சொல்லுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்புப் பதிவின் நகலை யாரும் கேட்டு வாங்கலாம், ஆனால் இறப்புக்கான காரணம் அந்த நகலில் வராது. காரணத்தை மறைப்பது அந்த அலுவலரின் பிடிவாதம் என்று நினைத்து அவரோடு சண்டை போட வேண்டாம்.

பதிவேட்டுக்குப் போகுமுன் வீட்டில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. வருடத்தில் ஏதாவது ஒரு நாள், யாருக்கென்று சொல்லாமல் பாட்டி இலை போட்டுப் படைத்தாரா? எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா? பேச்சிலிருந்து நீக்கிய ஆளைப் படையலிலிருந்து நீக்கப் பெண்களுக்கு மனம் வராது. திதி தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஒவ்வொரு வருடத்துக்கும் தேதி கண்டுபிடித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, வெளியூரில் இறந்தவருக்குச் செய்தி வந்த நாளையே திதியாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பதிவேட்டில் சில நாள் முன்னதாகவும் பாருங்கள்.

அவருக்கு என்ன வைத்தியம் நடந்திருக்கும் என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினை அமெரிக்காவில் கண்டுபிடித்ததே அவர் வீட்டைவிட்டுப் போன அதே 1943-இல்தான். அது இங்கே வந்து சேர்வதற்குள் யுத்தம் முடிந்திருந்தது. ஆகவே அவருக்குக் கிடைத்தது படுக்கை, திறந்த தாழ்வாரத்துக் காற்று, பால், முட்டை, பேசாமல் கிடக்க வேண்டிய நேரங்கள். ஒருவேளை "காற்றடித்திருக்கலாம்". விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்திக் காற்றை நிரப்பி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பது அது. அந்தக் காற்று உடம்பில் கரைந்துவிடும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் விலா எலும்புகளையே எடுப்பார்கள். என் அத்தைக்கு எடுத்தார்கள். சாகும்வரை முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருப்பார். ஒரு தோள் இறங்கியிருந்ததை நான் பார்த்ததே அவரைக் குளிப்பாட்டி வைத்திருந்தபோதுதான்.

பதினைந்து வருடம் தள்ளி நோய் வந்திருந்தால் உங்கள் சின்னத் தாத்தா ரயிலே ஏறியிருக்க மாட்டார். சென்னையில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. அதைப் படித்த நாளில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகை வந்தது.

பெரியப்பாவின் சொல்லுக்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்த வீட்டில் டி.பி. என்று வெளியே தெரிந்தால் பெண் எடுக்கவோ கொடுக்கவோ யாரும் வரமாட்டார்கள் என்று பயந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். பரம்பரை நோய் என்றே ஊர் நம்பியது. கிருமியால் வருவது என்று 1882-இல் ராபர்ட் காக் நிரூபித்தது நம் திண்ணைகளுக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. பெரியப்பாவிடம் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். சித்தப்பா எப்படிப் பாடம் நடத்துவார் என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா என்று கேளுங்கள். அவரே பேசுவார்.

தேடலாம். தேட வேண்டும் என்றே சொல்வேன், நோயாளிக்காக மட்டுமில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகும் சின்னப் பாட்டிக்காகவும்தான். கணவரோடு ஒரு வருடம் வாழ்ந்த பெண். அநேகமாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கைச்செலவுக்கு, பழத்துக்கு, ரயில் கூலிக்கு சின்னத் தாத்தாவுக்கு யார் பணம் அனுப்பினார்கள் என்று யோசியுங்கள். அந்தக் காலத்தில் மணியார்டர் அனுப்பினால், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு ஓர் ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும், தபாலாபீஸ் முத்திரையோடு. உங்கள் டிரங்குப் பெட்டியில் அது ஒன்றுகூட இல்லை என்றால், பணம் போனது வேறு வீட்டிலிருந்து. கடிதங்களும் அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரி உதவாது, நிலம் உதவும். உங்கள் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பழைய வருடங்களைக் கையாலேயே தேடித் தருவார்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள்கால உரிமை தந்தது. விவசாய நிலத்துக்குச் சென்னை மாகாணத்தில் அது பின்னால்தான் வந்தது என்றாலும், பிற்பாடு வம்பு வேண்டாம் என்று குடும்பங்கள் விதவையிடம், பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். உங்கள் வீட்டிலும் வாங்கியிருந்தால் அது "இன்ன கிராமம் இன்னார் குமாரத்தியும், காலஞ்சென்ற இன்னார் மனைவியுமான" என்று தொடங்கும். சின்னப் பாட்டியின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கும். காலஞ்சென்ற என்ற சொல் இருப்பதால், அந்தத் தேதிக்கு முன்பே சின்னத் தாத்தா இறந்துவிட்டார் என்பதும் நிச்சயமாகும்.

அந்த ஊருக்குப் போகும்போது புகைப்படத்தைக் கொண்டு போங்கள். சின்னப் பாட்டி மறுமணம் செய்திருந்தால், பேரன் பேத்திகளுக்கு உங்கள் சின்னத் தாத்தாவைப் பற்றித் தெரியாமலே இருக்கலாம். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பழைய பெட்டி, பழைய கடிதக் கட்டு ஏதாவது இருந்தால் வாசித்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். 98-க்கு முந்தைய எடையை அவர் தன் மனைவிக்குத்தான் எழுதியிருப்பார்.

அன்புடன்