நடுநிலைன்னு சொன்ன அமெரிக்கா முதல் உலகப் போர்ல எப்படி மாட்டுச்சு?

லூசிடானியாங்கற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடிச்சதாலதான்னு நிறைய பேர் சொல்வாங்க, ஆனா தேதியப் பாருங்க, அது 1915 மே 7, செத்த 1198 பேர்ல 128 பேர் அமெரிக்கர்கள், அப்படியும் அமெரிக்கா போர்ல இறங்கினது 1917 ஏப்ரல் 6, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு. நடுவுல 1916 எலெக்‌ஷன்ல அதிபர் வில்சன் ஜெயிச்சதே 'நம்மள போருக்கு வெளிய வச்சிருந்தாரு'ங்கற பிரச்சாரத்துலதான்!

என்னைக் கேட்டா ஆரம்பம் காசுதான். ஜெர்மனிக்குப் போற சரக்க பிரிட்டிஷ் கடற்படை மறிச்சிடுச்சு, அதனால பேப்பர்ல நடுநிலை, ஆனா கோதுமை, வெடிமருந்து, கடன் எல்லாம் பிரிட்டன், பிரான்ஸ் பக்கமே போச்சு. ஜெர்மனி சும்மா இருக்குமா, 1917 பிப்ரவரி 1ல இருந்து எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும் நீர்மூழ்கி அடிக்கும்னு அறிவிச்சுது.

இதுல கூத்து என்னன்னா சிம்மர்மன் தந்தி. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ரகசியமா ஆஃபர் குடுக்குறாரு: அமெரிக்கா போருக்கு வந்தா நீங்க எங்க கூட சேருங்க, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவ திரும்ப எடுத்துக்கலாம்னு. பிரிட்டிஷ்காரன் அத நடுவுல புடிச்சு ரகசியக் குறியீட்ட உடைச்சு அமெரிக்காகிட்ட குடுத்துட்டான், மார்ச் 1ல பேப்பர்ல வந்துடுச்சு. பொய்த் தந்தின்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம், ஆனா மனுஷன் ரெண்டு நாள்ல 'ஆமா நான்தான் அனுப்பினேன்'னு ஒத்துக்கிட்டாரு!! அதே மாசம் அமெரிக்கக் கப்பல்களும் வரிசையா மூழ்க, ஏப்ரல் 4ல செனட்ல 82க்கு 6ன்னு போர் தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு.