மீன்தொட்டிக்குப் பின்னணி: உள்ளேயா, வெளியேயா?

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறோம். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன்தொட்டி வாங்கியிருக்கிறோம். கடையில் கொடுத்த பவளப்பாறைப் படத்தைப் பின்பக்கம் ஒட்டினால் திட்டுத் திட்டாக வெள்ளிபோல மின்னுகிறது. தெர்மாகோலில் பாறை செதுக்கி, சிமெண்ட் பூசி உள்ளே வைக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் படத்தைச் சரிசெய்து பாருங்கள், அதற்குச் செலவு மிகக் குறைவு. அந்த மினுமினுப்பு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சிக்கிய காற்றால் வருவது. உள்ளிருந்து சாய்வாக வரும் வெளிச்சம் காற்றைத் தொட்டதும் திரும்பிவிடுகிறது, படம்வரை போவதில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினை மெல்லிசாகத் தடவி, படத்தை ஒட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிடுங்கள். மேல்விளிம்பு முழுவதும் டேப் ஒட்டாவிட்டால் தண்ணீர் வழிந்து உப்புக் கறை படியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளைத் திட்டாகிவிடும்.

படத்தையே எடுத்துவிட்டு வெளிப்புறம் கறுப்பு பெயிண்ட் அடிப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். நன்னீரில் வாழும் கப்பி போன்ற மீனுக்குப் பின்னால் கடலடிப் பவளம் எதற்கு? கறுப்பின் முன்னால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். ஃபில்டர் குழாயும் கண்ணில் படாது.

இனி உங்கள் மகனின் யோசனை. தொட்டியின் அகலமே 12 அங்குலம். 3 அங்குலத்துக்குச் சுவர் வைத்தால் கால்வாசி இடம் போய்விடும். ஏறத்தாழ 127 லிட்டர் கொள்ளும் தொட்டி 95 லிட்டராகச் சுருங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் மிதப்பு. பின்பக்கம் முழுவதையும் மறைக்கும் 3 அங்குலத் தெர்மாகோலைத் தண்ணீர் ஏறக்குறைய 30 கிலோ விசையோடு மேலே தள்ளும். மணலில் ஊன்றினால் நிற்காது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, காய்ந்த கண்ணாடியில் சிலிக்கான் பசையால் ஒட்டிவிட வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்கு உரியதையே வாங்குங்கள். புளித்த வாடை முழுவதும் போகும்வரை, ஒரு வாரமாவது, காயட்டும். சுவருக்குப் பின்னால் இடைவெளி விடாதீர்கள். குட்டி மீன் அங்கே நுழைந்து செத்தால் நாறிய பிறகுதான் தெரியவரும்.

சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையைக் கடுமையாக ஏற்றும். பூச்சு இறுகியதும் தொட்டியை நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழு நீரையும் மாற்றி, மூன்று நான்கு வாரம் ஊறவிடுங்கள். மீன்கடையில் கிடைக்கும் பிஎச் சோதனை மருந்தால் குழாய் நீரையும் தொட்டி நீரையும் சோதியுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் போதும். மீன் விட அதன்பிறகும் அவசரம் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர்வதற்கு இன்னும் நான்கைந்து வாரம் பிடிக்கும்.

உங்கள் வீட்டில் ஆழ்குழாய் நீர்தான் என்றால் பாத்திரத்தைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியானால் மோலி, கப்பி வளருங்கள். இரண்டும் கடின நீரைத் தாங்கும். தங்கமீன் டெல்டாவின் சித்திரை வெயிலுக்கு ஆகாது.